பதினொரு சரிக்குறிகள்

ஞாயிறு, காலை

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "என்னை நம்பாமல் கேட்கிறாயா" என்பாய். அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது இவள் ஏன் எழுதுகிறாள் என்றும் நினைப்பாய். போனை எடுத்ததும் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்தான், நடுவே குக்கர் விசில். உன்னிடம் மட்டும் பேசிப் பல நாளாகிவிட்டது.

முதலில் அத்தானுக்கு என் நன்றியைச் சொல். கல்லூரியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்ட ஏழு மாதமும் நான் வீட்டில் சும்மா இருந்தேன். தனியாக இருக்கிறவள் சும்மா இருந்தால் சுவருக்குக்கூடச் சலித்துப்போகும். அத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னார், அவர் கம்பெனியின் இந்தத் தையல் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மூன்றாவது மாடியில் சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிவிட்டு, மாலை ஐந்தே முக்காலிலிருந்து முக்கால் மணி நேரம் வகுப்பு. முப்பத்திரண்டு பெண்கள். எதிரிலேயே தையல் கூடம். மெஷின்கள் நின்ற பிறகும் காதில் அந்த இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களின் ஆட்கள் மூன்று வாரத்தில் சோதனைக்கு வருகிறார்கள். தொழிலாளர்களிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்களாம். அதற்குத்தான் இந்த வகுப்பு. நேற்று, இன்று, நாளை மூன்றையும் பிழையில்லாமல் சொல்ல வைத்தால் போதும் என்று ஃப்ளோர் மேனேஜர் சொன்னார். பதில்களை அவரே இருபத்திரண்டு வாக்கியங்களாக டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

நேற்று, இன்று, நாளை என்று சொல்லிவிடலாம், நடைமுறையில் அது அவ்வளவு லேசில்லை. நாம் தினமும் நடப்பதை எதிர்காலத்தில் சொல்லிப் பழகியவர்கள். 'காலையில் எழுந்திருப்பேன், தண்ணீர் பிடிப்பேன், பஸ் லேட்டாக வரும்' என்போம். இவர்களும் அதையே ஆங்கிலத்துக்கு மாற்றி, வழக்கமாக நடப்பதற்கெல்லாம் 'வில்' போட்டுவிடுகிறார்கள். இறந்தகாலத்துக்கு வந்தால் 'டிட் வென்ட்'. ஒரு தடவை நடந்துபோனதற்கு ஒரு தடவை இறந்தகாலம் போதும், இரண்டு தடவை சாகடிக்காதீர்கள் என்றேன். வகுப்பே சிரித்தது.

பேக்கிங்கில் ஒருத்தி இருக்கிறாள், வாய் ஓயாது. எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்து, "டீச்சர், எங்க வீட்டுக்காரர் நேத்தும் வேலைக்குப் போகல, இன்னிக்கும் போகல, நாளைக்கும் போக மாட்டார். இதுக்கு எதுக்கு மூணு காலம்?" என்றாள்.

தினமும் ஏதாவது ஒரு பொருளைப் பற்றி மூன்று வாக்கியம் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது, நாளை எப்படி இருக்கும். முப்பத்திரண்டு நோட்டையும் திருத்தும்போது பழைய சந்தோஷம் திரும்பி வருகிறது. எல்லாரையும்விடச் சுத்தமாக எழுதுகிறவள் காஜா மெஷினில் இருக்கும் அம்மாள், ஐம்பது வயதிருக்கும். சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற கை, எழுத்தும் அப்படியே அளவெடுத்தது மாதிரி. நான்கூட அவளைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். நீ உன் உடம்பையும் கொஞ்சம் கவனி.

உன் தங்கை


வெள்ளி, காலை

அன்புள்ள அக்கா,

இதைத் தனியாக இருக்கும்போது படி. படித்துவிட்டு அத்தானிடம் என்ன சொல்வது என்று நீயே முடிவு செய். ஆனால் சொல்.

காஜா அக்காவின் நோட்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? முதல் நாள் அவள் எழுதியது இது. நேற்று பின்கதவு பூட்டியிருந்தது. இன்று பின்கதவு பூட்டியிருக்கிறது. நாளை பின்கதவு பூட்டியிருக்கும். மூன்றுக்கும் சரிக்குறி போட்டு, கீழே 'மிக நன்று' என்று எழுதினேன். மறுநாளும் அவள் கதவைப் பற்றித்தான் எழுதினாள். அதற்கு மறுநாள், கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகள் இருந்தன, இருக்கின்றன, இருக்கும். பிறகு சாவி கீழே வாட்ச்மேனிடம் இருந்தது, இருக்கிறது, இருக்கும். பதினொரு நாள், அக்கா. பதினொரு நாளும் சரி போட்டேன். இருபது வருடம் விடைத்தாள் திருத்திய கண் வினைச்சொல்லைப் பார்த்ததும் திருப்தியாகி அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. முந்தாநாள் புதன்கிழமை நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 'ஒரே பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள், வேறு ஏதாவது எழுதவும்' என்று சிவப்பு மையில் குறிப்பு எழுதினேன்.

நேற்று அவள் வேறு பொருளைப் பற்றி எழுதியிருந்தாள். நேற்று இஸ்திரி மேசைக்கு மேலே வயரில் பொறி வந்தது. இன்று வருகிறது. மூன்றாவது வாக்கியத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

அப்போதுதான் படித்தேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் படித்தேன். எழுந்து தையல் கூடத்தின் கோடிக்குப் போனேன். தோள் உயரத்துக்குப் பெட்டிகள். அதற்குப் பின்னால் இரும்புக் கதவு, தாழ்ப்பாளில் என் உள்ளங்கை அளவுக்குப் பூட்டு. கீழே இறங்க இன்னொரு வழி முன்படிக்கட்டுதான். அது இஸ்திரிப் பகுதியை ஒட்டி இறங்குகிறது.

திரும்பி வந்து மேனேஜர் தந்த தாளைப் பார்த்தேன். ஒன்பதாவது வாக்கியம், 'போன மாதம் நாங்கள் பின்கதவு வழியாக வெளியேறிப் பயிற்சி செய்தோம்.' இறந்தகாலத்துக்கு அருமையான உதாரணம் என்று ஒரு வாரமாக இதைத்தான் கோரஸாகச் சொல்ல வைத்திருக்கிறேன். அந்தப் பயிற்சி உண்மையிலேயே நடந்ததா என்று வகுப்பில் கேட்டேன். ரேடியோதான், "அது பாஸ்ட் டென்ஸ்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. பாடத்தில் வருவதெல்லாம் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

வகுப்பு முடிந்து காஜா அக்காவைத் தனியாக நிறுத்தி, ஏன் நேரில் சொல்லவில்லை என்று கேட்டேன். போன வருடம் கட்டிங்கில் ஒருத்தி சொன்னாளாம், மறுநாளே வாசலில் அவள் நுழைவு கார்டு வேலை செய்யவில்லையாம். "எழுதுனா நீங்க படிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நோட்டை மூடிக்கொண்டே, "நீங்க டிக் போட்டீங்க. சரி, டீச்சருக்கும் தெரியும், டீச்சரும் சரின்னுட்டாங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை எட்டு மணிக்கே மேனேஜரைப் பார்த்தேன். சட்டைகள் திருட்டுப்போகின்றன, அதனால்தான் பூட்டு என்றார். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற அன்று திறந்து வைப்பார்களாம், பெட்டிகளும் இருக்காதாம். மற்ற நாட்களில் என்று ஆரம்பித்தேன். "டீச்சர், உங்க வேலை வெர்ப். கதவு என் வேலை" என்றார். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கதவைப் பூட்டிவைக்க அனுமதி. கீழே இருந்த கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். உன் கல்யாணப் பதிவில் நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் பார்த்த அதே கையெழுத்து.

அத்தான் இந்தக் கதவைப் பார்த்திருக்க மாட்டார். மேசைக்கு வருகிற எத்தனையோ தாள்களில் ஒன்றாக இதிலும் கையெழுத்துப் போட்டிருப்பார். நானும் அப்படித்தானே பதினொரு நாள் சரி போட்டேன்? அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரே ஒரு போன் செய்யச் சொல். சோதனை அடுத்த வெள்ளிக்கிழமை. நான் அதற்காக அவசரப்படவில்லை. இந்தப் பெண்கள் இன்றைக்கும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
தங்கை


புதன், காலை

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. இரண்டு பக்கம். அத்தான் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை என்றும், இது அவர் வாங்கிக்கொடுத்த மூன்றாவது வேலை என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாம் உண்மை. வெள்ளிக்கிழமை கழியட்டும், பிறகு அவரிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்றும் இருக்கிறது. கதவு என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. இப்போதெல்லாம் நான் வரி வரியாகப் படிக்கிறேன்.

நேற்று மாலை ஆறு மணி இருக்கும். வகுப்பு ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. விளக்குகள் ஒரு முறை மங்கி எரிந்து, பிறகு அணைந்தன. இஸ்திரிப் பக்கமிருந்து ரப்பர் எரிகிற நாற்றம். வாசலுக்குப் போய்ப் பார்த்தால் முன்படிக்கட்டு தெரியவில்லை, அவ்வளவு கறுப்புப் புகை. பின்பக்கம் போங்க என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் ஓடினோம். பெட்டிகளை இழுத்துத் தள்ளினோம். கதவு தெரிந்தது, பூட்டும் தெரிந்தது. சாவி புகைக்கு அந்தப் பக்கம், மூன்று மாடி கீழே. ரேடியோ கத்தரிக்கோலால் பூட்டை அடித்துக்கொண்டே இருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்குப் பின்னால் முப்பது பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றார்கள், அவர்கள் இருமல் என் பிடரியில் பட்டது. இரும்பில் முகம் வைத்து நின்றபோது எனக்கு எந்த மொழியும் நினைவில் இல்லை.

கீழே எலக்ட்ரீசியன் மெயினை அணைத்துவிட்டார். எரிந்தது வயரோடு நின்றது. ஏழு நிமிடமோ எட்டோ, புகை கலைந்தது. ஒரு சின்னப் பெண் மயங்கி விழுந்தாள், தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாள். பெட்டியை இழுத்ததில் காஜா அக்காவுக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று உனக்குச் சொல்லுவார்கள். அதுவும் உண்மைதான்.

இன்று காலை மேனேஜர் கூப்பிட்டு இருபத்துமூன்றாவது வாக்கியத்தைத் தந்தார். 'இந்த ஆண்டு இங்கே தீ விபத்து எதுவும் நடந்ததில்லை.' நன்றாகப் பார்த்தேன், அக்கா. ஆண்டு இன்னும் முடியவில்லை, அதற்கு எந்தக் காலம் வர வேண்டுமோ அதைத்தான் போட்டிருக்கிறார். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்றேன். நாளைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். உங்கள் அத்தானுக்குத்தான் தலைகுனிவு என்றும் சேர்த்துக்கொண்டார். பெட்டிகளைத் திரும்ப அடுக்கிவிட்டார்கள். பூட்டில் கத்தரிக்கோல் பட்ட கீறல்கள் மட்டும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை அந்த ஆட்கள் வரும்போது பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கப் போவது நான்தான். காஜா அக்காவின் நோட்டை அவர்களிடம் காட்ட மாட்டேன், அது அவளுடைய பிழைப்பு. மற்றவர்களையும் இழுக்க மாட்டேன். நேற்று நடந்ததை, நான் பார்த்ததை, என் வாயால், என் பெயரில் சொல்லப்போகிறேன். நடக்காததை நடந்ததாக முப்பத்திரண்டு பேருக்கு நாக்கில் பழக்கியது நான் என்பதையும் சொல்வேன். அனுமதி கொடுத்தது யார் என்று அவர்கள் கேட்டால் தெரியாது என்று சொல்ல என்னால் முடியாது.

இதை உன்னிடம் மறைத்துவைத்துச் செய்ய மனம் வரவில்லை. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. கூரியரில் இது நாளைக் காலை பத்து மணிக்கு உன் கையில் இருக்கும். அத்தானுக்கு ஒரு முழு நாள் இருக்கிறது. அந்த அனுமதியை அவரே ரத்து செய்யலாம். பூட்டை உடைத்து, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கைப்பிடியைப் போடச் சொல்லலாம். ஒரு மெக்கானிக்குக்கு இரண்டு மணி நேர வேலை, விசாரித்துவிட்டேன். செய்துவிட்டால் வெள்ளிக்கிழமை நான் அவர்களிடம், ஒரு தவறு நடந்தது, தெரிந்த அன்றே மேலிடத்தில் அதைத் திருத்தினார்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. அவரைத் தலைநிமிர்ந்து நிற்க வைத்துச் சொல்ல ஆசை.

என் மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும், எத்தனை மாதம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் கோபப்படுவதற்கு முன்னால் போனை எடுத்து அவர் கையில் கொடு. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே, அவள் தாங்க மாட்டாள்.

வேலையை விட்டு வந்துவிடு என்று எழுதத் தோன்றும் உனக்கு. அந்தப் பெண்களால் வர முடியாது, அதனால் நானும் வரவில்லை. நீங்கள் எல்லாரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், அக்கா. இன்றும் நாளையும் ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை மணிவரை நானும் அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருப்பேன்.

உன் தங்கை