வழித்துப் போட்ட வெள்ளை

பியூப்லோ, கொலராடோ
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி வர்ஜிலுக்கு,

அக்கா லியோனா எழுதுவது. நான் நலம். முட்டிவலி அதன்பாட்டுக்கு இருக்கிறது. கன்சாஸ் பக்கம் நல்ல பனி என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் கோதுமைக்கு நல்லதுதான். உன் ஆர்லீனின் இருமல் எப்படி இருக்கிறதோ என்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன் செய்தேன். உன் மகன் கர்ட் எடுத்தான். ஷெரிஃபிடம் போலீஸ் வேலை பார்க்கிற பிள்ளையிடம் நான் என்னவென்று சொல்ல? பனி எப்படிடா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டபோது நீ எடுத்தாய். கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டுவந்த பாட்டிலைப் பற்றி வாயெடுத்ததும், "அக்கா, அவன் பக்கத்துலதான் சாப்பிட்டுட்டு இருக்கான், அப்புறம் பேசுவோம்" என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டாய். அந்த அப்புறம் வரவே இல்லை. அதனால்தான் இந்த விரைவுத் தபால்.

அந்தப் பாட்டிலில் இருக்கிற கஞ்சாவை ஆர்லீன் இனிமேல் தொடக்கூடாது. ஒரு இழுப்புகூடக் கூடாது. உங்கள் கன்சாஸில்தான் அது குற்றம், இங்கே சட்டப்படியே கடையில் விற்கிறார்கள். நான் வாங்குகிற கடையின் கதவில் சனிக்கிழமை ஒரு தாள் ஒட்டியிருந்தது. பண்டிகைக்கு முன்னால் விற்ற சரக்கில் பூசணம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்ததாம், வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவர வேண்டுமாம். கல்லாவில் நிற்கிற டெஸ்மண்டிடம் போனேன். "பாக்கெட்டுல ஒரு நம்பர் இருக்கும், அதைப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றான். பாக்கெட்டுக்கு நான் எங்கே போக? வழியில் போலீஸ் பார்த்தாலும் தெரியக்கூடாதென்று எல்லாவற்றையும் பிரித்து, செர்ரி ஜாம் பாட்டிலில் கொட்டி, பாக்கெட்டுகளை இங்கேயே குப்பையில் போட்டுவிட்டுத்தானே வந்தேன். "நம்பர் இல்லாம உங்க சரக்குதானான்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியும் என்றேன்.

போன மாதம் ஆர்லீனே என்னிடம் சொன்னாள். "அண்ணி, நீங்க குடுத்ததுல மேலாப்புல லேசா வெள்ளை பூத்திருந்துச்சு. வழிச்சுப் போட்டுட்டேன், அடியில நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். நானும்தான் சிரித்தேன், பாவி. நம் அம்மா ஜாமில் பூத்த பூசணத்தைக் கரண்டியால் வழித்துவிட்டு, மீதியை நமக்கு ரொட்டியில் தடவித் தரவில்லையா? ரஷ்யாவிலிருந்து பட்டினியோடு கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். நம் வீட்டில் எதைத்தான் தூக்கி எறிந்தோம்?

டெஸ்மண்ட் அந்தத் தாளின் அடியில் இருந்ததைப் படித்துக் காட்டினான். "உங்களுக்கும் எனக்கும் பெருசா ஒண்ணும் ஆகாதும்மா. கீமோ போட்டு உடம்புல சக்தியே இல்லாதவங்க இழுத்தா, நெஞ்சுக்குள்ள போயி வளந்துருமாம். நெருப்புல பொசுங்கிரும்னும் நம்ப முடியாது" என்றான். அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஹேஸ் ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று மருந்து கொடுக்கிறார்கள், காய்ச்சல் இறங்கினபாடில்லை. ஏன் என்று யோசித்தாயா? ஏதாவது புகைக்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, கூட்டிப்போன கர்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். "ஐயோ, இந்த வயசுலயா!" என்றாளாம் உன் பெண்டாட்டி. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து என்னிடமே சொன்னாள். பூசணத்துக்கு மருந்து வேறாம் வர்ஜில். தெரிந்தால்தானே கொடுப்பார்கள்?

நல்லதுக்குத்தான் செய்தேன்டா. புற்றுநோய்க்குக் கீமோ போட்டதில் குடித்த தண்ணீரும் வயிற்றில் நிற்காமல் எலும்பாகக் கிடந்தாள். அன்று இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, நான் சுட்ட கோஸ் ரொட்டியை முழுசாகத் தின்றாள். நீ கொட்டகைக்குப் போய் அழுதாய், நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

கர்ட்டுக்குத் தெரிந்தால் அவன் வேலை போய்விடும், ஊர் சிரிக்கும் என்று பயப்படுகிறாய். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சிரித்துவிட்டுப் போகட்டும். ஒன்று சொல்கிறேன், கேள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவன் வீட்டுக்குள் வந்து மூக்கை உறிஞ்சினான். "என்ன அத்தை, ஸ்கங்க் ஏதும் உள்ள பூந்துருச்சா? இந்த நாத்தம் நாறுது" என்றான். கஞ்சாப் புகையும் அந்தப் பிராணி மாதிரியேதான் நாறும். அப்படிக் கேட்டுவிட்டு அவனே போய் ஜன்னலைத் திறந்துவைத்தான். அம்மாவுக்குக் குளிருமே என்று கம்பளியும் கொண்டுவந்து போர்த்தினான். அவனிடம் மறைப்பதாக நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தியவள் நான். அவனே வந்து எனக்கு விலங்கு மாட்டினாலும் கையை நீட்டுவேன். அம்மா போன பிறகு அவனுக்கு இது தெரிந்தால், உன் முகத்தில் விழிப்பானா?

என் கடிதங்களைப் படித்ததும் அடுப்பில் போடுவாய். இதைப் போடாதே. அந்தப் பாட்டிலையும் இதையும் எடுத்துக்கொள். கர்ட்டையே வண்டி ஓட்டச் சொல். இன்றைக்கே ஆர்லீனை ஹேஸுக்குக் கூட்டிப்போய், டாக்டரம்மா கையில் இதைக் கொடு. உனக்குச் சொல்ல வாய் வராவிட்டால் பரவாயில்லை, அவர் படித்துக்கொள்வார். யார் கொடுத்தது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்காகத்தான் கீழே முழுப்பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறேன்.

மாதா அவள் மூச்சைக் காப்பாள். தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புடா தம்பி.

உன் அக்கா,
லியோனா மேரி டிரைலிங்
412, ஸ்ப்ரூஸ் தெரு, பியூப்லோ, கொலராடோ