கரூரிலிருந்து வந்த பணம்

செவ்வாய், நவம்பர் 4

விடியற்காலையிலிருந்து மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். உப்பளம் மூடிக் கிடக்கிறது. வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டம் இல்லை.

கடையில் அரிசி, பருப்பு, சோப்பு. போனில் பணம் போகவில்லை. மூன்று தடவை. “நெட்வொர்க்கா இருக்கும்மா, பெறவு தாங்க” என்றார் அண்ணாச்சி. பின்னால் நின்றவள் என் போனையே எட்டிப் பார்த்தாள்.

ஆபீசுக்கு அரைநாள் லீவு. பேங்க். என் கணக்கை முடக்கியிருக்கிறார்கள், சைபர் போலீஸ் சொல்லி. மேனேஜர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “போன மாசம் நாலு லட்சம் வந்திருக்கே மேடம், யார் அனுப்பினது?”

தெரியாது என்றேன். உண்மையே அதுதான். நம்புவாரா?

தம்பி ரேமண்ட் வெளிநாட்டுக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. பேங்க் மூலம் அனுப்பினால் நாளாகிறது, பிடித்தமும் அதிகம் என்று இந்த வருஷம் டாலர் காயினாக, கிரிப்டோ என்கிறார்களே அதில், அனுப்புகிறான். நான் அதை ஆப்பில் விற்பேன். முகம் தெரியாத யாரோ வாங்குவார்கள். ரூபாய் என் கணக்கில் விழுந்ததும் பொத்தானை அமுக்கி காயினை விடுவிப்பேன். எட்டு தடவை செய்தாயிற்று. ஒரு பிரச்சினையும் இல்லை.

கடைசியாக வந்த இந்த நாலு லட்சம் ரேமண்டின் கல்யாணத்துக்கு.

புதன், 5

மழை விட்டிருக்கிறது. ஆபீசில் இரண்டு பில்லைத் தப்பாக அடித்தேன்.

மத்தியானம் ரேமண்ட் லைனில் கிடைத்தான். எரிந்து விழுந்தான்.

“எக்கா, காயின்ல ஒரு தப்பும் கெடையாது. நான் அனுப்புனது எங்க போச்சு, எப்ப போச்சு, எல்லாம் அதுலயே பதிஞ்சிருக்கு. எவனும் அழிக்க முடியாது. தப்பெல்லாம் ஒங்க ரூவாயிலதான்.”

“போலீஸ்ட்ட அதச் சொல்லவா?”

“நான் எஞ்சின் ரூம்ல வெந்து சம்பாதிச்ச காசுக்கா அது.”

எனக்குத் தெரியாதா. அப்பா கடலில் இறந்துபோனபோது அவனுக்குப் பதினேழு. பள்ளிக்கூடத்தை விட்டுக் கப்பலுக்குப் போனான். என்னைக் கட்டிக்கொடுத்தான், தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தான். இப்போது முப்பத்தொன்பது. நாசரேத்தில் பெண் பார்த்து, ஜனவரியில் கல்யாணம்.

ஆபீசில் சாகுல் காக்காவிடம் மட்டும் சொன்னேன். காயல்பட்டினத்துக்காரர். இரண்டு மகன்களும் துபாயில். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “பேங்க்காரன் புடிக்கது அனுப்புத கூலி மட்டுமில்லம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா சட்டையப் புடிச்சுக் கேக்க ஒரு ஆள் இருக்காம்லா, அதுக்கும் சேத்துதான். ஒன் ஆப்புல யாரு சட்டையப் புடிப்ப?”

வெள்ளி, 7

சைபர் போலீசுக்குப் போன். மரியாதையாகத்தான் பேசினார்கள். கரூர் பக்கம் ஒரு பெரியவர் புகார் கொடுத்திருக்கிறார். போஸ்டாபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். யாரோ போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து, உங்கள் மேல் வழக்கு என்று மிரட்டி, இரண்டு நாள் அறையை விட்டே வரவிடவில்லையாம். இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டார்கள். அதில் ஒரு பங்குதான் என் கணக்குக்கு வந்தது. எவனோ அவர் பணத்தை எனக்கு அனுப்பிவிட்டு ரேமண்டின் காயினை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெரியவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கணக்கைத் திறக்கலாம். இல்லையென்றால் கோர்ட். நம்பர் கொடுத்தார்கள்.

உடனே அடித்தேன். மகள் எடுத்தாள். சுமதி.

“அப்பா யார்கிட்டயும் பேசறதில்லீங்க. என்கிட்டச் சொல்லுங்க.”

சொன்னேன். நான் ஏமாற்றியவள் இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று.

“அப்பாவ ஏமாத்துனவங்களும் இப்படித்தானுங்க, அவ்வளவு மரியாதையாப் பேசுனாங்க.”

வைத்துவிட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருக்கலாம்.

ஞாயிறு, 9

பூசை முடிந்து வாசலில் பெண்ணின் அப்பா. பஸ் ஏறி வந்திருக்கிறார். “மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சாம்மா?” நாளைக்கு என்றேன். கோயில் வாசலில் நின்று பொய்.

சாயங்காலம் கரூருக்குத் திரும்ப அடித்தேன். இந்த முறை ரேமண்டைப் பற்றி எல்லாமே சொன்னேன். அப்பா, கப்பல், எங்கள் கல்யாணங்கள், அவன் வயசு. சுமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். “அப்பாகிட்ட சொல்லிப் பாக்கறனுங்க. சாப்பாடே எறங்க மாட்டேங்குது அவருக்கு. நான் ஏமாந்துட்டேன், நான் ஏமாந்துட்டேன்னு செவுத்தப் பாத்துட்டு...”

துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

வெள்ளி, 14

சுமதியே கூப்பிட்டாள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டாராம், புதன்கிழமை. “ஒழைச்ச புள்ள காசு, அது என்னுதில்ல, விட்டுரு” என்றாராம். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முழுசாகப் பேசியது அதுதான். லெட்டரைப் போலீசில் கொடுத்தாயிற்று.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அய்யாவுக்கு நன்றி சொல்லணும், போனைக் குடும்மா என்றேன்.

“அப்பா நேத்து காத்தால போயிட்டாருங்க.”

என்ன பேசினேன் என்று நினைவில்லை. பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றேன். வேண்டாம் என்றாள். “அவரு கடைசியாச் சொன்னது அதுதானுங்க. நான் வாங்குனா அதையும் இல்லேன்னு ஆக்குன மாதிரி.”

என் சந்தோஷம் அவள் காதில் விழுந்திருக்கும். விழாமல் இருக்குமா.

வியாழன், 20

கணக்கு திறந்தது. ஆபீஸ். கரண்ட் பில். அண்ணாச்சி பாக்கி.

ரேமண்ட் கூப்பிட்டான். லெட்டர் விஷயம் மட்டும் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

“நெசமாவா? அவர் காசும் போயி, நமக்கு எழுதியும் குடுத்துருக்காருன்னா... எக்கா, அந்த அய்யாவுக்கு மொதப் பத்திரிக்க வையி. கல்யாணத்துக்கு அவரு வரணும். நான் கால்ல விழணும்.”

சரி என்றேன்.

“அந்த ஆப்ப அழிச்சிரு. இனிமே பேங்க்லயே போடுதேன். புடிக்கதப் புடிக்கட்டும்.”

சரி என்றேன். இரண்டு தடவையும் அதே சரி.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் அந்தக் காசில் தாலி வாங்க மாட்டான். எனக்குத் தெரியும் அவனை. கல்யாணமே நின்றாலும் நிற்கும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நீயா கொன்ன?” என்றார். இல்லை. ரேமண்டும் இல்லை. ஆப்பும் இல்லை, பேங்க்கும் இல்லை. யாரும் இல்லை என்றால் அந்த மனுஷன் எப்படிச் செத்தார்?

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

புதன், 26

பத்திரிகை வந்தது. முந்நூறு. நல்ல அச்சு. கரூருக்கு ஒன்று எழுத உட்கார்ந்தேன். பெயர் எழுதி, அதற்கு மேல் ஓடவில்லை. உறையைக் கிழித்துப் போட்டேன்.

சுமதிக்கு மெசேஜ்: காரியம் என்றைக்கு? வெள்ளி என்று பதில். வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளி, 28

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. அதிகாலை வண்டி, மதுரை தாண்டியாயிற்று. ஆபீசில் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன். கையில் ஒன்றும் இல்லை. என்ன கொண்டுபோவது அந்த வீட்டுக்கு? போய் என்ன பேசுவது? சும்மா ஓரமாக உட்கார்ந்துவிட்டு வரலாம்.

திண்டுக்கல் வருமுன் ரேமண்ட் கூப்பிட்டான். ஏதோ துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதாம். கோட் என்ன கலர் எடுக்க என்று கேட்டான். கறுப்பு வேண்டாம், நீலம் எடு என்றேன்.

“சத்தமா இருக்கே. எங்கக்கா போற?”

“ஒரு துட்டி வீட்டுக்குலே. இன்னைக்குக் காரியம்.”

“யாருக்கா?”

“ஒனக்குத் தெரியாதவரு.”

“சரி, பாத்துப் போ” என்றான்.