முள்கம்பி வேலி துளிர்விட்ட விவரம்

அனுப்புநர்:
செல்லம், க/பெ மாயாண்டி,
பால்மரத் தொழிலாளி,
புலிமேட்டுத் தோட்டம், சுவா அருகில்.

பெறுநர்:
கனம் ஜில்லா அதிகாரி அவர்கள்,
போர்ட்டிக்சன்.

பொருள்: லயத்துக் காய்கறி நிலத்தில் நாங்கள் பயிற்சி பெற்று நட்ட மரங்களை வெட்டச் சொல்லும் உத்தரவை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் லயத்து வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் எல்லோருக்காகவும் இம்மனுவை எழுதுகிறேன். தவறு எங்கள் பக்கமும் கொஞ்சம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1. அவசரகாலச் சட்டப்படி எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட பிறகு, வேலிக்கு உட்புறம் உள்ள சரிவு நிலத்தைக் காய்கறி போட்டுக்கொள்ள நிர்வாகம் கொடுத்தது. அரிசியை அளந்து தருகிற காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் மழை பெய்தால் மண் ஓடியது, வெயில் அடித்தால் கீரை கருகியது. விதைத்தது எல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது.

2. போன வருஷம் விவசாயப் போதகர் திருநாவுக்கரசு அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். காய்கறிக்கு நடுவே மரமும் வளர்க்க வேண்டும் என்றார். முருங்கை, அகத்தி, பப்பாளி எல்லாம் இடைவெளி விட்டு நட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும், உதிர்கிற இலை உரமாகும், உச்சி வெயிலும் பயிரைத் தாக்காது என்று விளக்கினார். மரம் என்றால் ரப்பர் மரம், பட்டையைச் சீவிப் பால் எடுப்பது என்று மட்டுமே அறிந்த எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ராக்கம்மா என்பவர், "நாள் முச்சூடும் நிழல்லதான் நிக்கிறோம் சார், அங்க ஒரு வெண்டைக்காயும் காய்ச்சு நாங்க பாக்கலியே" என்று கேட்டே விட்டார். போதகர் கோபிக்கவில்லை. கிளையை எப்படிக் கழித்து வெயிலை உள்ளே விடுவது என்று பொறுமையாகக் காட்டினார். கேள்வி கேட்ட ராக்கம்மாதான் முதலில் பப்பாளி நட்டார். புருஷனை இழந்து, சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பால்மரம் சீவுகிறவர் அவர். இன்று அவர் வீட்டுச் சட்டிக்குக் கீரையும் காயும் அந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் வருகின்றன.

3. இனி எங்கள் தவறு. வேலிக் கம்பங்களைக் கறையான் அரித்துவிட்டதால், பின்பக்கத்துக் கம்பங்களை மாற்றும்படி நிர்வாகம் எங்கள் ஆட்களிடம் சொன்னது. எங்கள் சனங்களுக்கு வேலி என்றாலே முருங்கைப் போத்தும் கல்யாண முருங்கைப் போத்தும் ஊன்றிக் கட்டுவதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் மாயாண்டியும் கூட்டாளிகளும் அந்தப் பழக்கத்திலேயே பச்சைக் கிளைகளை வெட்டி வந்து ஊன்றி, அவற்றில் முள்கம்பியை இழுத்துக் கட்டிவிட்டார்கள். கம்பம் நேராக நிற்கிறது என்று எங்களை வேலை வாங்கும் மண்டோரும் மெச்சினார். மழை பிடித்ததும் சர்க்கார் வேலி துளிர் விட்டது. அதன் மேல் புடலையும் அவரையும் ஏறிக்கொண்டன.

4. சென்ற வாரம் காவல் பொறுப்பிலுள்ள துரை வந்து பார்த்தபோது அவர் கண்ணில் வேலி படவில்லை, அவரைப் பந்தல்தான் பட்டது. அவருக்குக் கோபம் வந்தது நியாயமே. ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் நிலத்திலுள்ள எல்லா மரங்களையும் வெட்டி, காய்கறி போடுவதையும் நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டிருப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதையாக இருக்கிறது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு நாங்கள் காய் கடத்தலாம் என்றும் சந்தேகப்படுகிறார். மிஞ்சினால்தானே ஐயா கடத்துவதற்கு. பிஞ்சு விடும்போதே எங்களுக்குள் சண்டை வந்துவிடுகிறது. எங்களையும் முந்திக்கொண்டு, காவலுக்கு நிற்கும் போலீஸ் மாத்தா மாத்தாக்கள் பறித்துக்கொள்கிறார்கள். இதைப் புகாராகச் சொல்லவில்லை, அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

5. வேலியில் துளிர்த்த மரங்களை வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்களே வெட்டி, நன்றாகக் காய்ந்த கம்பங்களை ஊன்றிக் கொடுக்கிறோம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள், ஆகவே வெட்டிய போத்துகள் வீணாகா. அவற்றை வேலியை விட்டுத் தள்ளி, போதகரும் காவல் துரையும் சேர்ந்து குறித்துக் கொடுக்கும் இடத்தில் நட்டுக்கொள்கிறோம். காவல்காரர் பார்வைக்கு மறைக்காதபடி கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் மரங்களை மட்டும் விட்டுவைத்து, காய்கறி நிலத்தை மூடாமல் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். தாங்களே ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் இன்னும் நல்லது. மத்தியான வேளையில் வந்தால் முருங்கைக்காய்க் குழம்பு உண்டு. இதை லஞ்சமாக எண்ண வேண்டாம், லயத்துக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை.

6. கடைசியாக ஒன்று. இங்கிருந்து கெமாஸ் வரைக்கும் நாங்களும் எங்கள் பெற்றோரும் நட்ட பால்மரங்கள் நிற்கின்றன. அவற்றில் எதையும் நாங்கள் எங்களுடையது என்று சொன்னதில்லை. உத்தரவைக் கேட்ட அன்று, மீறினால் தொல்லை வருமே என்று பயந்து, ராக்கம்மா தன் பப்பாளியை வெட்டப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து என் வாசலில் உட்கார்ந்துகொண்டார். "எந்த மரத்தக் காட்டுனாலும் வெட்டுவேன் செல்லம், இது என் மரம்லா, கை வரமாட்டேங்குது" என்றார். எனக்கும் கை வராது ஐயா. ஆகையால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

நல்ல உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
செல்லம்
(மற்ற பெண்களின் கைரேகைகள் பின்பக்கம்)

இடம்: புலிமேட்டுத் தோட்டம்
தேதி: 14 ஜூன் 1953