வாளியில் திரும்பிய கடிதம்

டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
அக்டோபர் 3, 1974

அன்புள்ள ஆர்விட்,

நலம்தானே? மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். எழுத வைத்தது மூடுபனி. செவ்வாய்க்கிழமை காலை ஏரியே காணாமல் போயிருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து உன் கப்பலின் சங்கு ஊதியது. கனவென்று நினைத்துப் புரண்டு படுத்தேன். பனி விலகினால், துறையில் நிஜமாகவே நிற்கிறது கப்பல். ஆறு மணி நேரம் இரும்புத்தாது ஏற்றினார்கள். நான் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தேன். நீ மேடேறி வீட்டுக்கு வரவில்லை.

கடைக்கார மில்ட்ரெட், "உங்க வீட்டுக்காரர் கப்பல்லயே குடும்பம் நடத்துறாரா?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன்.

பள்ளியில் இந்த வாரம் 'நடந்திருந்தால்' பாடம். பிள்ளைகள் வழக்கம்போல 'தெரிந்திருப்பேன் என்றால் வந்திருப்பேன்' என்றே எழுதுகிறார்கள். 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதுதான் சரி, ஆங்கிலத்தில் 'வுட் ஹாவ்' இரண்டு பக்கமும் உட்காராது என்று பதினைந்து வருஷமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன். இந்த ஏரிக்கரையில் பிறந்த யாருக்கும் அது ஏறுவதில்லை. நீ உட்பட.

ஜனவரியில் ஏரி உறைந்து கப்பல்களைக் கட்டிப்போடும்போதாவது வீட்டுக்கு வருவாயா?

உன்,
சிக்னே


ஹியூரான் ஏரியில்
அக்டோபர் 15

டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு ஒட்டி வந்தது. கயிற்றில் வாளியை இறக்கினோம், உன் கையெழுத்து மேலே ஏறி வந்தது. பக்கத்தில் நின்ற மாலுமி டூலன், "என்ன மாஸ்டர், மார்க் ஷீட்டா?" என்றான். நம் கதை கப்பல் முழுக்கத் தெரியும்.

நலமாகத்தான் இருக்கிறேன். முப்பது பேருக்குச் சமைக்கிறேன். எவனும் பாராட்டுவதில்லை, எவனும் மிச்சம் வைப்பதுமில்லை.

ஏன் மேடேறவில்லை என்று உனக்குத் தெரியாதா? நம் மகள் லீனா பிறந்த அன்றே இறந்துபோனபோது நான் இதே ஏரியில் புயலில் மாட்டியிருந்தேன். செய்தி வந்த அன்று உனக்கு எழுதினேன். அந்தக் கடிதமே எனக்கு வாளியில் திரும்பி வந்தது. பதினொரு இடத்தில் சிவப்புப் பென்சில். ஒரு வரி பதில் இல்லை. அதற்கு முன்பும் என் கடிதங்களைத் திருத்தித்தான் அனுப்புவாய், நான் சிரித்துக்கொள்வேன். அன்று சிரிப்பு வரவில்லை. அந்த ஜனவரியில் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குளிர்காலம் முழுக்க டொலீடோ துறைமுகத்தில் கப்பலுக்குக் காவல் இருக்க ஆள் கேட்கிறார்கள். நவம்பர் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடலாமென்று இருக்கிறேன். வீட்டை என்ன செய்வதென்று நீயே பார்த்துக்கொள்.

ஆர்விட்

பிழை இருந்தால் மன்னிக்கவும்.


டூ ஹார்பர்ஸ்
நவம்பர் 2

அன்புள்ள ஆர்விட்,

நான் திருத்தி அனுப்பிய அந்தக் கடிதத்தில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். 'நான் அங்கே இருந்திருப்பேன் என்றால் அவள் பிழைத்திருப்பாள்.' நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால், வண்டியைச் சீக்கிரம் எடுத்திருந்தால், பனி கொட்டாமல் இருந்திருந்தால். பதில் எழுதத் தெரியவில்லை, திருத்தத்தான் தெரிந்தது. திருத்திக்கொண்டிருந்த பத்து நிமிஷம் வலி நின்றது. அதற்காக உன்னை நோகடித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டாக்டர் அன்றே என்னிடம் சொன்னார்: "யார் இருந்தாலும் இதான் நடந்திருக்கும்மா. நீங்க வர்றதுக்கு முந்தின நாளே தொப்புள்கொடி கழுத்துல சுத்திடுச்சு." இதை உன்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் கோபப்பட ஆளில்லாமல் போய்விடும் என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பாவி நான்.

நேற்று மதியம் கண்ணயர்ந்தேன். லீனா மூன்று வயதுப் பிள்ளையாக, சிவப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு மூடுபனிக்குள் நடந்து போகிறாள். உன் சங்கு ஊதுகிறது. அவள் நின்று, "அப்பா" என்கிறாள். நான் விழித்த பிறகும் சங்கு கொஞ்ச நேரம் கேட்டது.

நீ இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, ஆர்விட். உன் மேல் குற்றமில்லை. உறைக்குள் ஒரு சிவப்புப் பென்சில் வைத்திருக்கிறேன். இனி உன் முறை.

சிக்னே


ஈரி ஏரியில்
நவம்பர் 19

சிக்னே,

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

முதல் இரண்டு நாள் உன்மேல் ஆத்திரம் தாங்கவில்லை. மூன்று வருஷம், சிக்னே. ஒவ்வொரு புயலிலும் அவளை நானே கொன்றதாக நினைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். சூப்பில் உப்பு தூக்கலாகி, டூலன் என் பரம்பரையையே திட்டினான். பிறகு அந்தக் கனவுப் பக்கத்தை மறுபடி படித்தேன். அவள் குரல் எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

உன் இலக்கணத்தில் குறை இல்லை. ஒரே ஒரு வரியில் கோடு போட்டிருக்கிறேன். 'நீ இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது' என்பது தப்பு. நான் இருந்திருந்தால் அவளை ஒரு தடவை தூக்கியிருப்பேன். உன் கையைப் பிடித்திருப்பேன். வெறுங்கையோடு நீ தனியாக வீடு திரும்பியிருக்க மாட்டாய்.

காவலுக்கு டூலன் தங்குகிறான். இருபத்தேழாம் தேதி தாது ஏற்ற அங்கே வருகிறோம். ஆறு மணி நேரம் நிற்போம். கோப்பை அப்புறம் இருக்கட்டும். அந்த ஜனவரியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அரை நாள் கையால் பனியைத் தோண்டிப் பார்த்தேன், அவள் பெயர் போட்ட கல் கிடைக்கவில்லை. உன்னிடம் கேட்க மனம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். கோட் போட்டுக்கொண்டு வாசலில் நில். என்னை அவளிடம் கூட்டிப்போ.

ஆர்விட்