தெரிந்தவர்

ஸ்பிரிங்வெளி தோட்டம்,
9.11.86

அன்பு மகள் தனலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறார், அந்த அளவுக்குச் சுகம். உன் சுகத்தைக் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

அப்பாவுக்குக் கடுமை என்று தந்தி கொடுத்தால் ரயிலேறி வருவாய் என்று நினைத்தேன். நீ பதுளை ஆஸ்பத்திரிக்கு டெலிபோனில் வந்தாய். அவர் வயிறு உப்பி, முதுகு வரை வலி இழுத்து, பச்சைத் தண்ணீரைக் கூட வாந்தியெடுத்துக் கிடந்தார். கணையம் வீங்கி விஷம் இரத்தத்தில் ஏறுகிறது, மூத்திரமும் குறைகிறது, கொழும்புக்கு அனுப்பி மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்யலாமா என்று பதுளை டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின் இருக்கிற வார்டில் வேலை செய்கிறவள் நீ. ஆனால் நீ டாக்டரிடம் முதலில் கேட்டது அவர் குடிப்பாரா என்று. உன் அப்பா குடிப்பாரா இல்லையா என்று உனக்குத் தெரியாதா? பித்தப்பையில் இருக்கிற கல்லால் வந்ததாம், கசிப்புச் சாராயத்தால் இல்லை. பிறகு உங்கள் பெரிய டாக்டரைக் கேட்டுவிட்டு, இப்போது அவசரப்பட வேண்டாம், சேலைனை நன்றாக ஏற்றி இரண்டு நாள் பார்க்கட்டும், மூத்திரம் நின்றாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அனுப்பட்டும், அதற்கு முன் அந்த வளைவுப் பாதையில் ஏற்றினால் வழியிலேயே போய்விடுவார் என்று சொன்னாயாம். தோட்டத்து லயத்து ஆட்கள் உன் வார்டில் வந்து நிற்பது உனக்கு வெட்கம், அதனால்தான் தள்ளிப் போடுகிறாய் என்று கட்டிலருகில் உட்கார்ந்து நான் திட்டாத திட்டு இல்லை. அப்பாதான், நம்ம புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ சும்மா இரு என்று முனகினார். இரண்டு நாளும் கட்டிலடியில் இருந்த மூத்திரப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பாதிக்கு மேல் நிறைந்தது. நீ சொன்னதுதான் சரி. அதை ஒத்துக்கொள்கிறேன், அதனால் என் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே.

டாக்டரைக் கும்பிடப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, கொழும்பு நர்சுக்கு நன்றி சொல்லுங்க, உங்க ஊர்க்காரங்களாமே, உங்க வீட்டுக்காரர் வீரய்யா அவங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டேன், தெரிஞ்சவர்னு சொன்னாங்க என்றார். நான் ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல? நீ நர்ஸ் படிக்கப் போன அன்று கொட்டுகிற மழையில் உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துப் பதுளை ஸ்டேஷன் வரை நடந்த மனுஷன் உனக்குத் தெரிஞ்சவர். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மூத்திரம் நின்றே போய்விடும்.

தை மாதம் கல்லை எடுக்க உன் ஆஸ்பத்திரிக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். உன்னைப் பார்க்கப் போகிறார் என்று வேட்டியை இப்போதே வெளுத்து வைக்கச் சொல்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் இவர் யார் என்று கேட்பார்கள். என்ன சொல்வாய் என்று அதற்குள் யோசித்து வை. கொழும்பில் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், நனைந்து திரியாதே. மாரியம்மா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்குத் தெரிந்தவள்
பெரியாயி