பிரஷர் இறங்கிய வீடு

அம்மா,

இன்று பிற்பகல் வீட்டைச் சூடாக்கும் ஹைட்சுங்கைத் திருத்தும் ஹைட்சுங்காரர் என் அறை ரேடியேட்டரைத் திறந்துவிட்டார். கறுப்புத் தண்ணீர் வந்தது. துருவும் அழுகிய முட்டையும் கலந்த மணம். அதை ஏந்த அவர் அவசரமாக ஏதாவது கேட்டபோது என் கையில் அகப்பட்டது நீங்கள் மா குழைக்கும் பேசின். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரம் என்னுடன் கதைத்திருக்க மாட்டீர்கள்.

வில் என்ற இந்த ஊரில் உள்ள வீட்டை அடுத்த மாதம் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஹைட்சுங்கில் தண்ணீர் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தாயிற்று. ஆனால் நான் எழுத வந்தது அதற்காக அல்ல. உங்கள் கடைசி அழைப்பில் நீங்கள் சொன்னதை நான் எப்படிக் கேட்டேன் என்று எழுத வேண்டும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அதை எழுத முடியாது.

அப்பா இறந்தபின் இங்கே நீங்களும் ஹைட்சுங்கும்தான். இரண்டு குளிர்காலம் வாராவாரம் அதன் பிரஷர் முள் இறங்கியது. வாராவாரம் நீங்கள் வீட்டுக்கு அடியில் உள்ள கெல்லருக்கு இறங்கி, தண்ணீர்க் குழாயைப் பொருத்தி, முள் ஒன்றரைக்கு வரும்வரை தண்ணீர் விட்டீர்கள். அதற்கு முன் பேர்ணில் படிக்கும் எனக்கு ஒரு அழைப்பு.

"பிரஷர் இறங்கீட்டுது. ஒருக்கா எடுத்துக் கதைக்கிறியோ?"

யாரிடம் என்று சொல்ல மாட்டீர்கள். ஹைட்சுங்காரர், டொக்டர், ஊர் நிர்வாகம் பார்க்கும் கெமைண்ட அலுவலகம், எல்லோருக்கும் ஒரே வசனம். எட்டு வயதிலிருந்து உங்களுக்காக டொச், அதாவது ஜேர்மன், பேசும் வாய் நான்தான். "தண்ணி விடுங்கோ, ஞாயிறு வாறன்" என்பேன். பல ஞாயிறுகள் வரவில்லை. தண்ணீர் விட உங்களுக்கு நான் தேவையில்லை என்பதும் எதற்காக அழைப்பு எடுக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருமுறை சொன்னேன்: "உங்களுக்கு ஹைட்சுங்தான் பிள்ளை."

"அதெண்டாலும் சூடாய்க் கிடக்குது" என்றீர்கள். பிறகு, "உனக்கு வாயில ரெண்டு பாசை. ரெண்டிலையும் ஈரமில்லை."

போன குளிர்காலம் இதே ஹைட்சுங்காரர் வந்தார். நிலமெல்லாம் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. எல்லா அறைகளையும் பார்த்தாயிற்றா என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: மேலே இவளின்ர அறை பூட்டிக் கிடக்குது, திறப்பு இவளிட்ட.

திறப்பு என் பையில்தான் இருந்தது. அந்த அறைக்குள் நீங்கள் நுழைவதை நான் விரும்பவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உங்களுக்கு எட்டாத ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவரிடம் டொச்சில் சொன்னேன்: எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் காய்ந்திருக்கிறது.

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தீர்கள். முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் இருபது வருடம் வேலை செய்த உங்களுக்கு அவ்வளவு டொச் விளங்காது என்று நினைத்திருந்தேன்.

"நான் சொன்னது அதில்லையே" என்றீர்கள். கோபமில்லாமல்.

நேற்று அவர் கொதிகலனைத் தனியே அடைத்தார். முள் அசையவில்லை. கீழ்மாடியை மட்டும் திறந்தார். அசையவில்லை. மேல்மாடியைத் திறந்தார். பொழுதுபடுவதற்குள் முள் சரிந்தது. இன்று அறை அறையாகப் போனார். என் புத்தக அலுமாரிக்குப் பின்னால், குழாய் பொருந்தும் இடத்தில், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. சொட்டுச் சொட்டாகக் குழாயோடு இறங்கிச் சுவருக்குள் போயிருக்கிறது. இரண்டு வருடமா என்று கேட்டார். ஓம் என்றேன். போனமுறை ஏன் இந்த அறையைக் காட்டவில்லை என்று அவர் கேட்கவில்லை. பண்பான மனிதர்.

உங்களுக்கும் அப்படித்தான். முழங்கால் நோவுக்கு விழுங்கிய குளிசைகள் வயிற்றைப் புண்ணாக்கி, பல நாட்களாக உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனதில் ஹைட்சுங் உவமையாக வந்து நின்றது. இலக்கியம் படித்ததன் பலன். உங்களுக்காக அழுவதற்கு முன் எனக்கு அந்த உவமை பிடித்திருந்தது.

செத்தவீட்டில் சித்தி கேட்டா: "அக்கா கடைசியா என்னடி சொன்னவ?"

"பிரஷர் இறங்கீட்டுது எண்டா. நான் ஹைட்சுங் எண்டு நினைச்சிட்டன்."

சித்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. பாவம் பிள்ளை, அதுக்கென்ன தெரியும் என்றா. இப்போது துன் வரை, இன்டர்லாக்கன் வரை தமிழர்களிடம் அந்தக் கதைதான். ஹைட்சுங்குக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரே சொல் இருந்ததால் வந்த வினை. தமிழ் தெரிந்த எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள்.

நடந்தது இது. பல்கலைக்கழகக் கன்ரீன். மேசையில் நான்கு பேர், எல்லோரும் சுவிஸ்காரர். நான் உங்களைப் பற்றித்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்: ஹைட்சுங்கைப் பிள்ளைபோல வளர்க்கும் அம்மா. சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நீங்கள் அழைப்பு எடுத்தீர்கள். அவர்களுக்குத் திரையைக் காட்டினேன். இன்னும் சிரித்தார்கள்.

"பிரஷர் இறங்கீட்டுது. மேல எழுபத்தெட்டு. ஒருக்கா எடுத்துக் கதைக்கிறியோ?"

ஹைட்சுங் முள்ளுக்கு நாலுக்கு மேல் எண் கிடையாது. எனக்குத் தெரியும். எழுபத்தெட்டு என்றது தெளிவாகக் கேட்டது. மேசை காத்திருந்தது.

"தண்ணி விடுங்கோ" என்றேன். "ஞாயிறு வாறன்."

பிறகு "ஓம்" என்றீர்கள். நான் மேசைக்கு அதை டொச்சில் சொன்னேன். நல்ல சிரிப்பு.

பக்கத்து வீட்டுக்காரி உங்களைக் கெல்லரில் கண்டாள். தண்ணீர்க் குழாய் பொருத்தியிருந்தது. முள் ஒன்றரையில் நின்றது.

என்னை நம்பி இறங்கினீர்களா, பழிவாங்க இறங்கினீர்களா என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். பழிவாங்கியிருந்தால் நல்லது. நம்பியிருந்தால் என்னால் தாங்க முடியாது.

சித்தியிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இந்த மடலையும் யாருக்கும் காட்டப் போவதில்லை. எழுபத்தெட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் சொன்னவற்றில் நான் மாற்றாமல் வைத்திருப்பது அது ஒன்றுதான்.