மூன்று வருடம் வைத்திருந்த ரிப்போர்ட்

எடப்பாடி
3.6.2024

தனப்பிரியா அக்காவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் தீபிகா. கௌசிக்கை இரண்டு வருடம் முன்பு கல்யாணம் செய்துகொண்டவள். யார் எழுதுவது என்று தெரிந்ததும் கிழித்துப் போடாமல் இந்தப் பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

பீரோவின் கீழ்த்தட்டில் உங்கள் பழைய ஸ்கேன் ஃபைல் ஒன்று கிடந்தது. வெண்ணந்தூர் விலாசம் அதில்தான் கிடைத்தது. எட்டாவது வாரம், இதயத் துடிப்பு இல்லை என்று எழுதியிருந்தது. என் ஃபைலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்பதாவது வாரத்தில் ஒன்று, எட்டாவது வாரத்தில் ஒன்று. பேர் மட்டும்தான் வேறு.

நம் மாமியார் என்று எழுதிவிட்டு 'நம்'மை அடித்துவிட்டேன். அத்தையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மொதல்ல வந்தவளுக்குத்தான் தங்கலைன்னா, பத்துப் பொருத்தமும் பாத்துக் கட்டுன இவளுக்குமா?" என்று என் காதுபடவே போனில் பேசுகிறார். மகனுக்கு விந்தணு எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்று லேபில் கொடுத்த காகிதத்தைப் பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், நிலத்துப் பட்டா மாதிரி.

இப்போது மறுபடியும் ஏழு வாரம். மாடிப்படி ஏறுவதில்லை. குனிந்து கோலம் போடுவதில்லை. பப்பாளி மரம் நிற்கும் வீட்டு வழியாகக்கூடப் போவதில்லை. இதையெல்லாம் எழுதினால் சிரிப்பு வர வேண்டும். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

உங்களுக்கு எத்தனை போனது? ஏன் என்று எந்த டாக்டராவது சொன்னாரா? குறை என்னிடம்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும். அது ஒன்று தெரிந்தால் போதும்.

உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. என் போனும் இந்த வீட்டில் எல்லோர் கையிலும் சுற்றும். என் சிநேகிதி சித்ராவின் தையல் கடை விலாசத்தைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். அங்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தீபிகா


வெண்ணந்தூர்
28.6.2024

தீபிகாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கிழிக்கவில்லை. கைப்பையிலேயே வைத்துக்கொண்டு தினமும் பஸ் ஏறி ராசிபுரம் போய் வந்தேன். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். நலம்தான். நலம் என்றால், காய்ச்சல் தலைவலி இல்லை.

எனக்கு நான்கு. நான்காவது போனபோது சேலத்து டாக்டரம்மா அந்தக் கருவின் திசுவையும் என் ரத்தத்தையும் டெஸ்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வருவதற்குள் என்னை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். விவாகரத்துக்குக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட மறுவாரம்தான் அது கைக்கு வந்தது. இந்தக் கவரில் நகல் வைத்திருக்கிறேன், பார்.

டாக்டரம்மா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். உன்னிடம் இரண்டு சேலை இருக்கிறது. யாரோ முந்தானைகளை வெட்டி மாற்றித் தைத்துவிட்டார்கள். இரண்டும் உன் பீரோவிலேயே இருக்கிறவரை துணி குறையவில்லை, கூடவில்லை. ஒன்றை மட்டும் எடுத்து மகளுக்குக் கொடுத்தால் அவளுக்கு ஒரு துண்டு கூடுதலாகவும் ஒரு துண்டு குறைவாகவும் போய்ச் சேரும். சிலருடைய குரோமோசோம் அப்படி இடம் மாறி இருக்குமாம். அவர்களுக்கு ஒரு நோயும் இருக்காது. கருவுக்குப் போகும்போதுதான் கணக்குத் தப்பும். அந்தக் கரு பெரும்பாலும் தங்காது. என் கரு அப்படித்தான் இருந்தது. என் ரத்தத்தில் மாற்றம் இல்லை. கருவின் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அவர் ரத்தம் கொடுத்தால் உறுதியாகும் என்று எழுதியிருக்கிறது. எண்ணிக்கை பார்க்கிற டெஸ்ட் வேறு, இது வேறு.

எல்லாமே போகும் என்றும் இல்லை. சில சமயம் சரியாக அமைந்து தங்கிவிடும் என்றார். பதினொன்றாவது, பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்துச் சொல்லவும் டெஸ்ட் இருக்கிறதாம். நீ படி ஏறினாலும் ஏறாவிட்டாலும் இதில் ஒன்றும் மாறாது.

இனி நான் சொல்ல வேண்டியது. உன் கல்யாணச் சேதி வந்தபோது இந்த ரிப்போர்ட் என் கையில் இருந்தது. உன் அப்பா வீடு சங்ககிரியில் எந்தத் தெரு என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன். போகவில்லை. அவளும் வந்து பார்க்கட்டும், அப்போதுதான் என்மேல் தப்பில்லை என்று அந்த வீட்டுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். அந்த 'அவள்' நீ என்று அப்போது தோன்றவில்லை.

தனப்பிரியா


எடப்பாடி
10.7.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஜூலை இரண்டாம் தேதி கிடைத்தது. ஜூன் பதினாறாம் தேதியே போய்விட்டது. ஒன்பதாவது வாரம்.

ரிப்போர்ட்டை அவரிடம் கொடுத்தேன். "எனக்குத்தான் அப்பவே டெஸ்ட் எடுத்தாச்சல்ல?" என்றார். "அது வேறைங்க" என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தறியை நிறுத்திவிட்டு, "கெளம்பு" என்றார். சேலம் போய் இருவரும் ரத்தம் கொடுத்தோம். முடிவு வர மூன்று நாலு வாரம் ஆகுமாம்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். துணி துவைத்துக் காயப் போடுகிறேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

தீபிகா


வெண்ணந்தூர்
18.7.2024

தீபிகாவுக்கு,

போனதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் எழுதவில்லை.

ஒன்று கேட்கிறேன். கேட்கக் கூடாதுதான். எங்கள் தெருவில் யாருக்காவது வளைகாப்பு என்றால் அம்மா என்னை அரைமணி நேரம் முன்னதாகவே வேலைக்கு அனுப்பிவிடுகிறாள். வாசலில் யாராவது முகம் திருப்பி, அதை நான் பார்த்துவிடக் கூடாதாம். முடிவு வந்ததும் அவர் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுது. அவளிடம் குறை இல்லை என்று அவர் வாயால் சொன்னால், அந்த ஒரு வரி போதும் எனக்கு.

தனப்பிரியா


எடப்பாடி
9.9.2024

அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. அவரிடமிருந்துதான். என் ரத்தத்திலும் மாற்றம் இல்லை.

அவர் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்லதாக ஏதாவது கட்டி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனசு வரவில்லை. "மொத நாலும் இதனாலதானுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார். "அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டர். வெளியே வந்து எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

அத்தை அழுதார். பிறகு, "வெளிய சொல்லீராத சாமி, ஆம்பளைக்கு அசிங்கம்" என்றார். சரி என்று நான் சொல்லவில்லை.

போன வாரம் பெரிய மாமனார் அப்புசாமி வீட்டுக் கல்யாணம். சீர்த் தட்டு எடுக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நானும் ஒரு தட்டில் கை வைத்தேன். பாவாயி பெரியத்தை, "நீ உடு சாமி, புள்ளை பெத்தவங்க எடுக்கட்டும். நம்மூட்டுக்கு வந்த ரெண்டு பேருக்கும் அமையலையே" என்றார். கெட்டவர் இல்லை, பரிவாகத்தான் சொன்னார்.

நான் தட்டை விடவில்லை. "எங்க ரெண்டு பேருகிட்டயும் கொறை இல்லீங்க. தனப்பிரியாக்காகிட்டயும் இல்லை, எங்கிட்டயும் இல்லை. டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சுங்க. இவருகிட்டருந்து வருது. அவரு மேலயும் தப்பு இல்லை, பொறவியிலயே அப்படி" என்றேன். மேளம் நின்றிருந்த நேரம். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார், இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் பந்தியில் இருந்தார்கள். இதற்குள் வெண்ணந்தூருக்குச் சேதி வந்திருக்கும்.

நான் இங்கேதான் இருக்கப் போகிறேன். கருவை வெளியே உருவாக்கி, சோதித்துப் பார்த்து வைக்கலாம் என்கிறார் டாக்டர். செய்வோமா என்று தெரியவில்லை. அவர் இப்போது என்னிடம் பயந்து பேசுகிறார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா, இனி எனக்கு எழுதாதீர்கள். மூன்றும் எப்படியும் போயிருக்கும், எனக்குத் தெரியும். ரிப்போர்ட் முன்பே வந்திருந்தாலும் ஒன்றுகூடத் தங்கியிருக்காது. ஆனால் நான் தின்றதையும் நின்றதையும் நினைத்து நினைத்து, என் உடம்பையே கொலைகாரி என்று இரண்டு வருடம் திட்டிக்கொண்டு கிடந்தேன். அத்தனை நாளும் அந்தக் காகிதம் உங்களிடம் இருந்தது. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேனோ என்று கேட்டுப் பார்த்தேன். வைத்திருப்பேன்தான். அப்படியும் ஆறவில்லை.

அம்மா சொல்கிறார் என்று முன்னதாகக் கிளம்பாதீர்கள். வழக்கமான நேரத்துக்கே வேலைக்குப் போங்கள்.

கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லி சித்ராவிடம் சொல்லிவிட்டேன்.

தீபிகா